கேட் பயிற்சி: எதை விடுவது என்னும் பாடம்

கேட் பயிற்சி வகுப்பில் நடத்தும் கணக்கில் பெரும்பகுதி பத்தாம் வகுப்புப் பாடத்துக்குள் அடங்கிவிடும். சதவீதம், லாப நட்டம், விகிதம், நேரமும் வேலையும், முக்கோணம், வட்டம், இருபடிச் சமன்பாடு என்று போகும் பட்டியலில் மடக்கை, வரிசை மாற்றம் போன்ற சிலவே பிளஸ் ஒன் வரை எட்டும். ஆனாலும் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயக் கணக்காளர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து இதைப் படிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு இருக்கும் 40 நிமிடத்தில் எந்தக் கணக்கைப் போடுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவுக்குத்தான் இந்தத் தேர்வில் மதிப்பெண். பயிற்சி வகுப்பின் வேலை முழுவதும் இந்த ஒரு முடிவைச் சுற்றியே நடக்கிறது.

தேர்வின் அமைப்பு

இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வு கேட். ஐஐஎம் அல்லாத பல மேலாண்மைக் கல்லூரிகளும் இதன் மதிப்பெண்ணை ஏற்கின்றன. பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் மூன்று ஸ்லாட்டாக, கணினி வழியே நடக்கும். ஐஐஎம்களில் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு முறைவைத்துப் பொறுப்பேற்கும். 2024-ல் கொல்கத்தா ஐஐஎம் நடத்தியது. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு 45 சதவீதம். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது.

தேர்வு நேரம் 120 நிமிடம். மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும். மாணவர்கள் வாயில் இது ‘வார்க்’. அடுத்தது தரவு விளக்கமும் தர்க்கமும், அதாவது ‘டிஐஎல்ஆர்’. கடைசியில் கணக்கு, ‘குவான்ட்’. இந்த வரிசையை மாற்ற முடியாது. ஒரு பிரிவின் நேரம் முடியாமல் அடுத்ததற்குப் போகவும் முடியாது, முடிந்ததற்குத் திரும்பவும் முடியாது. 2024 தாளில் முறையே 24, 22, 22 என 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழியும். நான்கு விடைகள் தராமல் விசைப்பலகையில் எண்ணைத் தட்டச் சொல்லும் ‘டிட்டா’ வகைக் கேள்விகளுக்கு மட்டும் நெகட்டிவ் மார்க் இல்லை.

முடிவு பெர்சென்டைல் கணக்கில் வரும். 99 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று புதிதாக வருபவர் பலர் நினைக்கிறார்கள். எழுதியவர்களில் 99 சதவீதம் பேருக்கு மேலே நிற்கிறார் என்பதே அதன் பொருள். மூன்று லட்சம் பேர் எழுதினால் அந்த இடத்திலும் அதற்கு மேலும் ஏறத்தாழ 3,000 பேர் இருப்பார்கள். 2024-ல் மொத்த மதிப்பெண் 204. அதில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்களே 99 பெர்சென்டைலைத் தொட்டார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிப் பழகிய மாணவருக்கு இதை நம்ப வைப்பதிலேயே வகுப்பின் முதல் மாதம் போய்விடுகிறது.

தேர்வு மாறிய விதம்

2008 வரை கேட் காகிதத்தில் எழுதும் தேர்வு. எத்தனை கேள்வி வரும், எந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது வினாத்தாள் கைக்கு வந்த பிறகே தெரியும். 2006-ல் திடீரென்று நேரம் 150 நிமிடமானது. நான்கு விடைகளுக்குப் பதிலாக ஐந்து வந்தன. 2003 நவம்பரில் வினாத்தாள் கசிந்து, 2004 பிப்ரவரியில் மறுதேர்வு நடந்தது. அந்தக் காலப் பயிற்சியில், எந்த வடிவில் தாள் வந்தாலும் பதறாமல் இருக்கப் பழக்குவதே பெரிய பாடம்.

2009-ல் தேர்வு கணினிக்கு மாறியது. முதல் ஆண்டிலேயே பல மையங்களில் கணினிகள் படுத்துவிட்டன. அதன்பின் சில ஆண்டுகள் தேர்வு வாரக்கணக்கில் நீண்டது. பார்த்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதிமொழியும் இருந்தது. எனவே கேள்வித்தாள் வெளியே வரவில்லை. ஆசிரியர்கள் பழைய காகிதத் தாள்களையும் தாங்களே எழுதிப் பார்த்த அனுபவத்தையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

இன்றைய வடிவத்தின் அடித்தளம் 2015-ல் விழுந்தது. பிரிவுக்கு 60 நிமிடம் என்று நேரம் பூட்டப்பட்டது. டிட்டா கேள்விகளும் திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் வந்தன. முந்தைய ஆண்டில் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் அதைச் சீக்கிரம் முடித்து, மிச்ச நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுக்க முடிந்தது. அந்த வழி அடைபட்டது. 2020-ல் கொரோனாவை ஒட்டி நேரம் 120 நிமிடமாகக் குறைந்தது. பெருந்தொற்று போன பிறகும் நேரம் பழையபடி கூடவில்லை. கேள்விகளின் எண்ணிக்கை 100-லிருந்து 76 ஆகி, பிறகு 66 வரை இறங்கியது. கேள்வி குறையக் குறைய ஒவ்வொரு தவறின் விலையும் ஏறியிருக்கிறது.

ஓர் ஆண்டின் ஓட்டம்

மும்பையில் 1977-ல் ஐஎம்எஸ், ஹைதராபாத்தில் 1992-ல் டைம், டெல்லியில் 1995-ல் கெரியர் லாஞ்சர் என்று இந்தத் தொழில் மூன்று திசைகளிலிருந்து வளர்ந்தது. பிறகு நகரத்துக்கு நகரம் சிறு மையங்களும் இணைய வகுப்புகளும் வந்தன. யார் நடத்தினாலும் ஆண்டின் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆண்டின் முதல் பாதியில் பேட்ச் தொடங்கும். கல்லூரி மாணவர்களுக்கு மாலை வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வீக்கெண்ட் பேட்ச். சென்னையில் வீக்கெண்ட் பேட்ச்சின் முன்வரிசைகளைப் பழைய மகாபலிபுரம் சாலை ஐடி நிறுவனங்களின் அடையாள அட்டைகள் நிறைத்துவிடும். ஜூலை வரை அடிப்படைப் பாடம். ஆகஸ்டில் தேர்வுக்கான பதிவு தொடங்கும்போது மாதிரித் தேர்வுகளான மாக் டெஸ்ட்டுகள் வேகம் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் புதுப்பாடம் நின்று, வாரம் ஒன்றோ இரண்டோ மாக்கும் அவற்றின் அலசலும் மட்டுமே நடக்கும்.

ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. நிறைந்த வகுப்பறையாகத் தொடங்கும் பேட்ச், முதல் சில மாக் முடிவுகள் வந்ததும் மெலியத் தொடங்கும். கல்லூரி செமஸ்டரும் அலுவலக வேலையும் கொஞ்சம் பேரைக் கொண்டுபோகும்; தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதி வகுப்புக்குத் திரும்பாது. எஞ்சி நிற்பவர்கள் எல்லாரும் முதல் மாதத்தில் வேகமாகக் கை தூக்கியவர்கள் என்று சொல்ல முடியாது.

குவான்ட்

கணக்கு வகுப்பில் முதலில் நடப்பது பள்ளியில் படிந்த பழக்கங்களை மாற்றுவது. முருகன் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், செல்வி 15 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து 4 நாள் செய்த பின் முருகன் விலகினால், மீதி வேலைக்குச் செல்விக்கு எத்தனை நாள்? பள்ளி முறையில் 1/12-ஐயும் 1/15-ஐயும் கூட்டி, 4-ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்து, மறுபடி வகுக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் மொத்த வேலையை 60 அலகு என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 12-க்கும் 15-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. முருகன் நாளுக்கு 5 அலகு, செல்வி 4 அலகு. நான்கு நாளில் 36 முடிந்தது. மீதி 24, செல்விக்கு 6 நாள். பின்னமே வரவில்லை, பேனாவும் தேவையில்லை.

இப்படிப்பட்ட உத்திகளை ‘ஷார்ட்கட்’ என்று கேட்டு வாங்க வருபவர்கள் அதிகம். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அந்தச் சொல்லை அதிகம் புழங்குவதில்லை. மேலே சொன்ன முறையும் அதே கணக்குதான். பின்னத்தை முழு எண்ணாக மாற்றியிருக்கிறது, அவ்வளவே. எதனால் சரியாக வருகிறது என்று தெரியாமல் மனப்பாடம் செய்த ஷார்ட்கட், கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் காலை வாரிவிடும்.

உத்தி கைவந்த பிறகு சுற்று முறை. முதல் சுற்றில் 22 கேள்வியையும் ஒரு பார்வை பார்த்து, வழி உடனே தெரிகிறவற்றை மட்டும் போட வேண்டும். இரண்டாம் சுற்றில், வழி தெரிந்தும் நேரம் பிடிக்கிறவை. வழியே தெரியாதவற்றுக்கு மூன்றாம் சுற்று கிடையாது. ஒரு கணக்கில் மூன்று நிமிடம் போன பிறகு அதை விட மனம் வராததே பொறியியல் மாணவர்களின் பொதுவான நோய். விட்டுவிட்டு நகர்வது அவர்களுக்குத் தோல்வியாகப் படுகிறது.

டிஐஎல்ஆர்

மூன்று பிரிவுகளில் பாடத்திட்டம் என்று ஒன்றைச் சொல்ல முடியாதது இதுதான். ஒரு கேள்வித் தொகுதியில், அதாவது செட்டில், ஒரு சூழல் விவரிக்கப்பட்டிருக்கும்: ஒரு போட்டித் தொடரின் புள்ளிப் பட்டியல், சிலர் சில அறைகளில் தங்கிய முறை, ஒரு கடையின் வாராந்தர விற்பனை. பாதித் தகவலே தரப்பட்டிருக்கும். மீதியைத் தடயம் பிடித்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு செட்டின் கீழும் நாலைந்து கேள்விகள். மொத்தம் நான்கு அல்லது ஐந்து செட்.

இங்கே தேர்வின் தந்திரம் வெளிப்படையானது. இருக்கும் செட்டுகளில் ஒன்றோ இரண்டோ எளிமையானவை. ஒன்று, தொட்டவரை விழுங்கிவிடும். எது எது என்று முகப்பில் எழுதியிருக்காது. அதனால் முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லாச் செட்டையும் படிக்கச் சொல்கிறார்கள். எத்தனை மாறிகள் இருக்கின்றன, உறுதியான எண் ஏதேனும் தரப்பட்டிருக்கிறதா, முதல் கட்டம் போட இடமிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து வரிசை வைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் வீணாகிறது என்று பதறி, முதல் செட்டிலேயே இறங்கி, அங்கேயே 25 நிமிடம் தொலைத்தவர்களின் கதை ஒவ்வொரு மாக்குக்குப் பிறகும் வகுப்பில் கேட்கும். இரண்டு செட்டை முழுதாகவும் சரியாகவும் முடித்தவர், நான்கையும் அரைகுறையாகத் தொட்டவரைவிட மேலே நிற்கிறார்.

வார்க்

2024 தாளில் இந்தப் பிரிவின் 24 கேள்விகளில் 16 வாசிப்புப் பகுதிகளிலிருந்து வந்தன: நான்கு பத்தித் தொகுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. மீதி எட்டு, கலைத்துப் போட்ட வாக்கியங்களை அடுக்கும் பாரா ஜம்பிள், சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தல், ஒட்டாத வாக்கியத்தைக் கண்டுபிடித்தல் போன்றவை. வாசிப்புப் பகுதிகள் மானுடவியல், சூழலியல், கலை வரலாறு, மெய்யியல் என்று எங்கிருந்தும் வரும். செய்தித்தாளின் தலையங்கம் மட்டும் படித்துப் பழகியவருக்கு இந்த உரைநடை அந்நியமாக இருக்கும். ஏயான் போன்ற இதழ்களிலிருந்து தினமும் ஒரு கட்டுரையாவது படிக்கச் சொல்வது அதனால்தான்.

நல்ல ஆசிரியர் இந்த வகுப்பில் ‘சரியான விடை எது’ என்று தொடங்குவதில்லை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைக்கிறார். தவறான விடைகளுக்குச் சில நிரந்தர வகைகள் உண்டு. ஆசிரியர் ‘சில சமூகங்களில்’ என்று எழுதியதை ‘எல்லாச் சமூகங்களிலும்’ என்று விரிப்பது ஒன்று. உலகத்தில் உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பகுதியில் சொல்லப்படாதது இன்னொன்று. பகுதியின் சொற்களையே எடுத்துக் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவது மூன்றாவது. வேகமாகப் படித்தவர் விழுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில். வாசித்த சொற்களைப் பார்த்ததும் கை தானாகச் சொடுக்கிவிடும்.

கேட் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு வார்க் மலையாகத் தெரிவது இயல்பு. ஆனால் 2015-க்குப் பின் தனியாகச் சொற்பொருள், இலக்கணம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. வாதத்தைப் பின்தொடரும் திறனுக்கே மதிப்பெண். தமிழில் கட்டுரை படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்தத் திறன் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேகம் கூடுவதற்கு ஓர் ஆண்டு முன்னதாகத் தொடங்க வேண்டும். மாறாக, ஆங்கில வழிப் பொறியாளர்கள் பலர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வார்க் வகுப்பைத் தவிர்த்துவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக உள்ள குறைந்தபட்ச அளவான கட்-ஆஃப்பில் இடறுகிறார்கள்.

மாக் டெஸ்ட்டும் அலசலும்

சிம்கேட், எய்ம்கேட் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் மாதிரித் தேர்வுகள் நடக்கின்றன. அசல் தேர்வின் திரை, அதே நேரப் பூட்டு, நாடு முழுவதும் எழுதியவர்களோடு ஒப்பிட்ட பெர்சென்டைல். பயிற்சிக் கட்டணத்தில் உண்மையான மதிப்பு இதற்கே என்று சொல்வது மிகையாகாது. பாடம் புத்தகத்திலும் கிடைக்கும்.

குவான்ட் பிரிவில் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 20 கேள்வி தொட்டு 9 சரி, 11 தவறு. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை என்றால் அவருக்கு 27-லிருந்து 11 கழிந்து 16. மற்றவர் 12 மட்டுமே தொட்டு 10 சரி, 2 தவறு. அவருக்கு 30-லிருந்து 2 கழிந்து 28. முதலாமவர் வீட்டுக்குப் போகும்போது நன்றாக எழுதியதாகவும், இரண்டாமவர் பாதியை விட்டுவிட்டதாகவும் நினைத்துக்கொண்டு போவார்கள்.

குருட்டுத்தனமாகக் குறிப்பதன் பலனையும் வகுப்பில் கணக்குப் போட்டே காட்டுகிறார்கள். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், நாலில் ஒரு முறை 3 கிடைக்கும், மூன்று முறை 1 போகும், சராசரி பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி லாபம் மூன்றில் ஒரு மதிப்பெண். இரண்டை நீக்கினால் 1 மதிப்பெண். ஆக, இரண்டு விடைக்கு நடுவே தத்தளிக்கும்போது குறிக்கலாம். நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தால் குறிக்கக் காரணமில்லை. டிட்டாவில் கழிவு இல்லாததால், கையில் ஒரு விடை வந்திருந்தால் அதைத் தட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

மாக் எழுத இரண்டு மணி நேரம் என்றால் அதை அலச அதைவிட அதிக நேரம் வேண்டும். கேள்விகளை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள்: சீக்கிரம் சரியாகப் போட்டவை, சரியாகப் போட்டும் நேரத்தைத் தின்றவை, தவறானவை, தொடாமல் விட்டு, பிறகு பார்த்தால் எளிமையாக இருந்தவை. கடைசி வகையில்தான் மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. தவறானவற்றைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பார்த்தால், பாடம் தெரியாத தவறா, அவசரத் தவறா என்று பிரியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அக்டோபருக்கு மேல், மாக்கை அசல் ஸ்லாட் நேரங்களான காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 மூன்றிலும் மாற்றி மாற்றி எழுதிப் பழகுவது நல்லது. யாருக்கு எந்த ஸ்லாட் என்பது அனுமதிச் சீட்டு வந்த பிறகே தெரியும்.

ஆசிரியர்களும் விளம்பரங்களும்

இந்தத் தொழிலில் பாடம் நடத்துபவர்களில் பலர் ஒரு காலத்தில் தேர்வு எழுத வந்தவர்கள். நிறையப் பேர் இன்றும் ஆண்டுதோறும் பணம் கட்டிக் கேட் எழுதுகிறார்கள்; 2024-ல் பொதுப்பிரிவுக் கட்டணம் 2,500 ரூபாய். கல்லூரியில் சேரும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. திரை எப்படி இருக்கிறது, எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதை உட்கார்ந்து பார்ப்பதற்காக எழுதுகிறார்கள். ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தவறில்லை.

தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழில் ஒரே முகம் இரண்டு மூன்று நிறுவனங்களின் விளம்பரத்தில் சிரிக்கும். ஓரிடத்தில் முழு வகுப்பும் இன்னோரிடத்தில் மாக் தொடர் மட்டும் வாங்கியவரை இரு நிறுவனத்தாரும் தம் மாணவர் என்பார்கள். இதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சித் துறைக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வென்றவர் எந்தப் பாடத்தில் சேர்ந்திருந்தார் என்பதை விளம்பரம் சொல்ல வேண்டும்; அவர் படத்தைப் போட எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், அதுவும் வெற்றிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

கேட்டுக்குப் பிறகு

கேட் முடிந்த கையோடு வகுப்பு நின்றுவிடாது. டிசம்பரில் சிம்பயாசிஸ் கல்லூரிகளுக்கான ஸ்னாப், ஜனவரியில் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ நடத்தும் எக்ஸ்ஏடி. பின்னதில் ஒரு சூழலைத் தந்து என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்கும் பிரிவு தனியாக உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது. கேட் அளவுக்குப் படித்தவர் இவற்றுக்குப் பழைய தாள்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஐஐஎம்கள் அறிவிக்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்று, நேர்காணலுக்கு உண்மையில் அழைப்பு வரும் அளவு வேறொன்று. முதலாவதைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. அழைப்பு வந்தபின் நேர்காணலும், பல இடங்களில் எழுத்துத் திறன் சோதனையும் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம் எல்லாம் இறுதிக் கணக்கில் சேரும். எதற்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வோர் ஐஐஎம்மும் தனித்தனியே வெளியிடுகிறது. பள்ளி மதிப்பெண் குறைந்தவர், தமக்கு எந்த ஐஐஎம்மின் கணக்கு சாதகம் என்று பதிவு செய்யும் நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது.

சேருமுன்

பழைய கேட் தாள் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து, 40 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் வைத்து, வீட்டிலேயே எழுதிப் பார்க்கலாம். மூன்று பிரிவிலும் ஓரளவு தேறுகிறவருக்கு மாக் தொடர் மட்டும் போதும்; அதன் விலை முழு வகுப்பின் விலையில் சிறு பகுதிதான். ஒரு பிரிவு மட்டும் படுத்திருந்தால் அந்தப் பிரிவுக்கு மட்டும் தனிப்பாடம் தரும் மையங்கள் இருக்கின்றன. மூன்றும் படுத்திருந்தால், அல்லது தனியே உட்கார்ந்தால் புத்தகம் திறக்காதவர் என்றால், முழு வகுப்பு பயன் தரும். கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மறக்காமல் கணக்கில் கொள்ள வேண்டும். எதில் சேர்ந்தாலும், எழுதிய மாக்கை அலசாமல் அடுத்ததற்குப் போகிறவருக்கு எந்த வகுப்பாலும் பயன் இல்லை.